கடவுச்சொல் சரிதான், கணினி திறக்கவில்லை

மைசூரு சரஸ்வதிபுரத்தில் வாழும் ஓய்வூதியர் ஒருவரின் விண்டோஸ் 7 கணினி ஒரு காலையில் அவரை உள்ளே விட மறுத்தது. கடவுச்சொல்லைப் பிழையின்றி இட்டும், பயனர் சுயவிவரத்தை ஏற்ற இயலவில்லை என்ற அறிவிப்பே வந்தது. பத்தாண்டு வருமான வரிக் கணக்குகளும் பேத்தியின் படங்களும் அதனுள் இருந்தன. பழுது பார்க்க வந்தவரோ, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார். நல்லவேளையாக இவர் இசையவில்லை.

இவ்வறிவிப்பு வந்தமையால் கோப்புகள் அழிந்தன என்று பொருளன்று. பயனரின் அமைப்புகளைத் தாங்கும் கோப்பு சிதைந்திருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்நேரம் அதைப் பிடித்துவைத்திருக்கவும் கூடும். ஆகவே முதலில் கணினியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பயனில்லையேல், தொடங்கும்போதே எஃப்8 விசையை அழுத்தி, சேஃப் மோடில் நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கின் வழியாக நுழையலாம். ரெஜிஸ்ட்ரியின் புரொஃபைல் லிஸ்ட் பகுதியில் ஒரே அடையாள எண் இருமுறை, ஒன்று மட்டும் ‘.பேக்’ என்ற ஈற்றுடன் காணப்பட்டால் குறை அங்கேதான். அதைத் திருத்துவது தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குமுன் கோப்புகளைப் பிரதியெடுத்துவிட வேண்டும்.

நம் ஓய்வூதியரிடம் வேறு கணக்கு இல்லை. வன்தட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் இணைத்தே அனைத்தையும் மீட்டனர்.

பழுதுக்குக் கொடுக்கும் கணினியின் உலாவியில் வங்கிக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருந்தால், கொடுக்குமுன் வேறொரு கருவியிலிருந்து அதை மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 7-க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. இணைய வங்கிச் சேவைக்கு அது ஏற்றதன்று. அவர் இப்போது அதில் படங்களை மட்டுமே பார்க்கிறார்.