சலாலா பயணம்: புறப்படும் முன் வீட்டில் பேச வேண்டியவை



மே மாதம் பிறந்துவிட்டால் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் போனில் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் சலாலா போறோம்மா." நான்கு நண்பர்கள், ஒரு கார், சில நாள் லீவு. அங்கே உற்சாகம், இங்கே மரக்காணத்தில் தாய்க்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். பயணத்தைத் தடுக்க இதை நாங்கள் எழுதவில்லை. வருடம் முழுக்க உழைக்கும் பிள்ளை அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மனம் குளிரட்டும். பத்திரமாகத் திரும்பவும் வேண்டும்.

அங்கே என்ன இருக்கிறது?

ஓமன் நாட்டின் தென்கோடியில், தோஃபார் மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது சலாலா. ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை அங்கே 'கரீஃப்' பருவம். தென்மேற்குக் காற்று கடலின் மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று பனிமூட்டமாகி மலையில் தங்கித் தூறலாக விழுகிறது. நம் உப்பளங்களில் வெயில் காய்ந்து உப்பு விளையும் அதே மாதங்களில் அந்த மலைகள் பச்சையாகிவிடும். தென்னை, வாழை, சாலையோர இளநீர்க் கடை என்று நம் ஊரைப் போலவே இருக்கும். அய்யூப் நபி (அலை) அவர்களுடையது எனச் சொல்லப்படும் ஜியாரத்தும் அங்குள்ள மலையில் இருக்கிறது.

தமிழருக்கு அது புதிய இடமும் அல்ல. பக்கத்தில் கோர் ரோரி என்ற பழைய சாம்பிராணித் துறைமுகத்தில், 'ணந்தை கீரன்' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடு 2006-ல் கிடைத்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அங்கே போயிருக்கிறார்கள்.

ஆபத்து எங்கே?

துபாயிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். மஸ்கட்டிலிருந்து சுமார் 1,000. நடுவில் ஹைமா முதல் தும்ரைத் வரை வளைவே இல்லாத பாலைவனச் சாலை. பார்க்க ஒன்றுமில்லாததால் கண் சொக்கும். மணல் காற்றும் குறுக்கே வரும் ஒட்டகமும் உண்டு. தும்ரைத்தைத் தாண்டி மலை இறங்கும்போது பனிமூட்டத்தில் முன்னே போகும் வண்டியே தெரியாது. வேலை முடிந்த கையோடு இரவில் கிளம்பி, விடிவதற்குள் போய்விடலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஹைமாவில் ஒரு இரவு தங்கினால் ஒரு நாள்தான் குறையும்.

கடலிலும் கவனம் தேவை. முக்ஸைல் கடற்கரையில் 2022 ஜூலையில், தடுப்பு வேலியைத் தாண்டி நின்ற இந்தியக் குடும்பத்தினரை அலை இழுத்துச் சென்றது. செல்ஃபிக்காக வேலியைத் தாண்டக் கூடாது.

பிள்ளையிடம் கேளுங்கள்

• வண்டியின் இன்ஷூரன்ஸ் ஓமனிலும் செல்லுமா? அமீரகத்திலிருந்து போகிறவர்கள் 'ஆரஞ்சு கார்டு' வாங்க வேண்டும்.
• வண்டி யார் பெயரில் இருக்கிறது? பிறர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதம் வேண்டும்.
• ஓட்டப் போகிறவர் யார்? அங்கே வேலை விசாவில் இருப்பவருக்கு அந்நாட்டு லைசென்ஸ் கட்டாயம். ஊரிலிருந்து சுற்றுலாவாகப் போகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறலாம். அது அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.
• மாற்றி ஓட்ட இன்னொருவர் உண்டா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவார்களா?
• நண்பர்கள் அனைவரின் போன் நம்பரும் வீட்டில் இருக்கிறதா? ஓமனில் அவசர உதவிக்கு 9999.

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக வைத்துக்கொள்வது நபிவழி. அந்த அமீர் "தூக்கம் வருகிறது, நிறுத்து" என்றால் மற்றவர்கள் கேட்க வேண்டும். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. சேர்த்துத் தொழுவது பற்றி அவரவர் மத்ஹபுப்படி ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகைக்காக இறங்கும் அந்தப் பத்து நிமிடம் ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் ஓய்வு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "போகாதே" என்று கோபப்பட்டால் பிள்ளை சொல்லாமல் போவான். "எங்கே தங்குகிறாய், யார் ஓட்டுகிறார்?" என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போவான். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் போன் போடாதீர்கள். துஆ செய்யுங்கள், இன்ஷா அல்லாஹ், படங்களோடு பிள்ளையும் வந்து சேருவான்.