டார்கெட் மட்டும் போதுமா? போனில் விற்கும் குழுவை உருவாக்குவது எப்படி?

பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இன்று நகரங்களில் சீக்கிரம் கிடைக்கும் வேலைகளில் ஒன்று, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனில் விற்பது. சேர்ந்த வேகத்திலேயே விலகி விடுபவர்களும் பலர். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்களைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம். "டார்கெட் நெருக்கடி தாங்க முடியவில்லை." "இல்லாததை இருப்பதாகச் சொல்லச் சொல்கிறார்கள்."

முதலாளிகளிடம் கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே நிலையாக வேலை பார்க்கிறார்கள்?" என்பார்கள். இரு தரப்பு பேச்சிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கோளாறு பெரும்பாலும் குழுவை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்வோரும், இத்தகைய குழுக்களை வழிநடத்துவோரும் கவனிக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே பார்ப்போம்.

இன்சைட் சேல்ஸ் என்றால் என்ன?

வாடிக்கையாளரைத் தேடி அலையாமல், அலுவலகத்தில் இருந்தபடியே போன், மின்னஞ்சல், வீடியோ அழைப்பு வழியாக விற்பதைத்தான் இன்சைட் சேல்ஸ் என்கிறார்கள். கண்ணில் பட்ட எண்ணுக்கெல்லாம் போன் போட்டு ஒரே வசனத்தை ஒப்பிப்பது இதுவல்ல. வாங்க வாய்ப்புள்ளவரைக் கண்டறிந்து, அவருடைய தேவையைக் கேட்டு, பொருத்தமானதை விளக்கி விற்பதுதான் இது. 1996-ல் தொடங்கிய ஜோஹோவும், 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்று வளர்ந்தவை. கடல் கடந்து கடை போடாமலே வியாபாரம் செய்ய முடியும் என்பதற்கு அவை நம் ஊர்ச் சான்று.

யாரைச் சேர்ப்பது?

"நன்றாக வாயடிப்பவரைப் போடுங்கள்" என்பது பழைய யோசனை. அமெரிக்காவின் ஹப்ஸ்பாட் நிறுவனத்தில் 2007-ல் சேர்ந்து அதன் விற்பனைக் குழுவைக் கட்டியெழுப்பிய மார்க் ரோபெர்ஜ் வேறு விதமாக யோசித்தார். பொறியியல் படித்த அவர், நன்றாக விற்பவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தார். திருத்தினால் ஏற்றுக்கொள்ளும் குணம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வம், முந்தைய சாதனை, அறிவுக்கூர்மை, உழைப்பு ஆகிய ஐந்தும் முன்னால் வந்தன. வாய்ச்சாலகம் அந்தப் பட்டியலில் இல்லை.

முதல் குணத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. நேர்முகத் தேர்வில் ஒரு பொருளை விற்றுக்காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு குறையை எடுத்துச் சொல்லி, மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை தடுமாறினாலும் இரண்டாம் தடவை திருத்திக்கொள்பவரைத் தயங்காமல் சேர்க்கலாம்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

புதியவர்களைத் தேடுவது ஒரு வேலை. ஆர்வம் காட்டியவரிடம் விரிவாகப் பேசி விற்பனையை முடிப்பது வேறு வேலை. வாங்கியவரைக் கவனிப்பது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒருவர் தலையிலேயே கட்டினால், விற்பனை கைகூடும் நேரத்தில் தேடுவது நின்றுவிடும். அடுத்த மாதம் கையில் ஆளிருக்காது. குழுவில் இருவர்தான் என்றாலும், காலை நேரம் தேடுவதற்கு, மதியம் முடிப்பதற்கு என்று நேரத்தையாவது பிரிக்கலாம்.

விசாரித்தவருக்கு உடனே பேசுவதும் முக்கியம். அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்து 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ ஒரு கட்டுரை வெளியிட்டது. இணையத்தில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது அது. நம்மில் பலர் விசாரணைகளைச் சேர்த்துவைத்து, நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறோம். அதற்குள் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார்.

எதற்குப் பணம் தருகிறீர்கள்?

குழுவின் நடத்தையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஹப்ஸ்பாட்டில் தொடக்கத்தில், புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்தால் கமிஷன் என்று இருந்தது. வாடிக்கையாளர்கள் மளமளவென்று பெருகினார்கள். ஆனால் வந்தவர்கள் விலகிச் செல்வதும் பெருகியது. விற்றபின் உதவும் ஊழியர்களிடம் குறையா என்று முதலில் பார்த்தார்கள். அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. விற்றவர் யார் என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிலர் விற்ற இடத்தில் மட்டும் வாடிக்கையாளர் தங்கவே இல்லை. பொருந்தாதவர்களுக்கு, நடக்காததை எதிர்பார்க்கவைத்து விற்றிருந்தார்கள்.

ரோபெர்ஜ் யாரையும் திட்டவில்லை. கமிஷன் கணக்கை மாற்றினார். யாருடைய வாடிக்கையாளர்கள் அதிகம் நிலைத்தார்களோ அந்த முதல் கால்பங்கு ஊழியர்களுக்கு ஒவ்வொரு டாலர் மாத வருமானத்துக்கும் 4 டாலர், அடுத்தவர்களுக்கு 3, பிறகு 2, கடைசி கால்பங்கினருக்கு 1 டாலர். ஆறே மாதத்தில் வாடிக்கையாளர் விலகுவது 70 சதவீதம் குறைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். பள்ளிகளுக்கு மாதக் கட்டணத்தில் மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 பள்ளிகளைப் பிடிக்கிறார். மூன்று மாதத்தில் 14 பள்ளிகள் விலகிவிடுகின்றன. இன்னொருவர் 10 பள்ளிகளைப் பிடிக்கிறார்; பத்தும் நிலைக்கின்றன. டார்கெட் பலகையில் முதலாமவர் வீரர், இரண்டாமவருக்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பதோ முதலாமவரின் 6, இரண்டாமவரின் 10. விலகிய 14 பள்ளிகள் மற்ற பள்ளிகளிடம் என்ன சொல்லும் என்பது தனிக் கணக்கு.

ஆகவே ஊக்கத்தொகையை ஒரேயடியாகத் தராமல், விற்றபோது பாதி, வாடிக்கையாளர் ஆறு மாதம் நிலைத்தால் மீதி என்று அமைத்துப் பாருங்கள். அப்போது, "இது உங்களுக்குப் பொருந்தாது சார்" என்று உண்மையைச் சொல்லும் ஊழியர் நஷ்டப்பட மாட்டார். அதே நேரத்தில் குடும்பம் நடத்தும் அளவுக்கு அடிப்படைச் சம்பளம் இருக்க வேண்டும். மாத வாடகையே ஊக்கத்தொகையை நம்பி இருந்தால், நல்ல பிள்ளையும் வாய் தவறிப் பேசத்தான் செய்வான்.

தினமும் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் தனியாக அமருங்கள். பதிவான அழைப்புகளில் ஒன்றிரண்டைச் சேர்ந்து கேளுங்கள். ஒரு வாரத்தில் ஒரே ஒரு குறையை மட்டும் திருத்துங்கள்; பத்துக் குறைகளைச் சொன்னால் ஒன்றும் திருந்தாது. எத்தனை அழைப்பு என்று மட்டும் எண்ணாமல், அதில் எத்தனை உருப்படியான உரையாடல் என்று பாருங்கள். மற்றவர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ம் ஆண்டு விதிகளின்படி, விளம்பர அழைப்புகள் செய்வோர் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து அப்படி அழைக்க அனுமதி இல்லை. 1909 வழியாகத் தொந்தரவு வேண்டாம் என்று பதிந்தவர்களின் விருப்பத்தை மதிப்பது கட்டாயம். எங்கிருந்தோ எண்களை விலைக்கு வாங்கி ஊழியர் கையில் கொடுப்பது, திட்டு வாங்கும் வேலையை அவருக்குக் கொடுப்பதாகும்.

போனில் பேசும் அந்த இளைஞனின் குரல்தான் வாடிக்கையாளருக்குத் தெரிந்த உங்கள் கடை. அந்தக் குரல் உண்மை பேச வேண்டுமானால், உண்மை பேசினால் சம்பளம் குறையாது என்ற நம்பிக்கையை முதலில் நாம் கொடுக்க வேண்டும். இந்த மாத ஊக்கத்தொகைப் பட்டியலில் கையெழுத்திடும் முன், எதற்குப் பணம் தருகிறோம் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.