வரிசை மாறினால் தேடல் தவறும்

அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவதில்லை. நடுவில் பிரித்து, சொல் முன்னே இருக்குமா, பின்னே இருக்குமா என்று பார்க்கிறோம். எழுத்துகளின் வரிசை நமக்குத் தெரியும் அல்லவா? கணிப்பொறியின் தரவுத்தளமும் 'இன்டெக்ஸ்' என்னும் அடைவில் இவ்வாறே தேடுகிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், முதன்மைக் கணிப்பொறியின் பதிவுகளும் அடைவுகளும் அப்படியே மற்றொரு கணிப்பொறிக்குப் படியெடுக்கப்படுகின்றன. முதலாவது பழுதானால் இரண்டாவது கைகொடுக்கும். ஆனால் லினக்ஸ் கணிப்பொறிகளில் எழுத்துகளின் வரிசை விதியைப் பெரும்பாலும் இயக்கத் தொகுப்புடன் வரும் 'ஜிலிப்சி' நிரல் நூலகமே தருகிறது.

2018 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 2.28 பதிப்பில் இவ்விதிகள் மாறின. அமெரிக்க ஆங்கில வரிசையில் முன்பு '11' முதலிலும் '1-1' அடுத்தும் வரும். இப்போது '1-1' முந்திக்கொள்கிறது.

படி இருக்கும் கணிப்பொறியில் மட்டும் இயக்கத் தொகுப்பைப் புதுப்பித்தால் என்ன ஆகும்? அடைவு பழைய வரிசையில் இருக்கும். தேடல் புதிய வரிசையில் நடக்கும். இருக்கும் பதிவையே 'இல்லை' என்று சொல்லிவிடலாம். அதுவே முதன்மையாக மாறினால், ஒரே பெயர் இருமுறை பதிவாகவும் இடமுண்டு. படியெடுப்போ தடையின்றி நடப்பதாகவே தோன்றும்!

பரிகாரம் என்ன? இரு கணிப்பொறிகளிலும் நூலகத்தின் பதிப்பு ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறுபட்டால் இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்து, முதன்மையில் எழுத்து சார்ந்த அடைவுகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். அவை படிக்கும் தாமாகச் சென்று சேரும். 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பு, தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பைக் குறித்து வைத்து, மாறினால் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது.