வழக்கேற்புநிலையும் பொறுப்பும்: நெல்லையப்பரையும் தாமிரபரணியையும் முன்வைத்து ஒரு சொற்பொருள் விளக்கம்

ஒருவர்மீது வழக்குத் தொடுக்க இயலும் என்பதும், தொடுத்த வழக்கில் அவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்பதும் வெவ்வேறு நிலைகள். இரண்டையும் ‘பொறுப்பு’ என்னும் ஒரே சொல்லாற் சுட்டும்போது பொருள் மயக்கம் நேர்கிறது. ‘பொறு’ என்னும் அடிச்சொல் தாங்குதலைக் குறிப்பது. ஆதலின் ‘பொறுப்பு’ பிந்தைய நிலைக்கே பொருந்தும். முந்தைய நிலை இங்கு ‘வழக்கேற்புநிலை’ எனக் குறிக்கப்படுகிறது.

இவ்வேறுபாடு அரசின்மீதான வழக்குகளில் தெளிவுறும். அரசமைப்புச் சட்டத்தின் 300ஆம் உறுப்பு, அரசு வழக்குத் தொடுக்கவும் தொடுக்கப்படவும் இடமளிக்கிறது. அரசு ஊர்தி மோதி ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில் (1962) இராஜஸ்தான் அரசு பொறுப்பேற்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலர் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவரே கவர்ந்து சென்ற கஸ்தூரிலால் வழக்கிலோ (1965), அது இறைமைப் பணியின்பாற்பட்டது எனக் கூறி உத்தரப்பிரதேச அரசைப் பொறுப்பினின்று விடுவித்தது. ஈரிடத்தும் வழக்கேற்புநிலை உண்டு; பொறுப்போ ஓரிடத்தில் மட்டுமே.

திருக்கோயில் இறைவடிவமும் சட்ட ஆளே. நெல்லையப்பர் போன்ற இறைவர் தம் பெயரிலேயே சொத்து உடையவர். அறங்காவலர் முதலியோர் வாயிலாக வழக்காடவும் வழக்கை எதிர்கொள்ளவும் வல்லவர். கோயிலுக்காக முறைப்படி ஏற்ற கடனுக்குத் தீர்ப்பு வருமாயின், அதனைத் தாங்குவது கோயிற் சொத்தேயன்றி அறங்காவலரின் சொந்த உடைமை அன்று.

ஆற்றின் நிலை வேறு. கங்கை, யமுனை ஆகியவற்றை உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் 2017 மார்ச்சில் சட்ட ஆட்களாக அறிவித்தது. வெள்ளச் சேதத்திற்கு யார் இழப்பீடு தருவது என்னும் வினாவோடு மாநில அரசு மேல்முறையீடு செய்ய, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. திருநெல்வேலியையும் தன் அதிகார எல்லையுள் கொண்ட மதுரைக் கிளை, 2022இல் இயற்கை அன்னையைச் சட்ட ஆளாக அறிவித்து, உரிமைகளோடு கடமைகளையும் பொறுப்புகளையும் உடன்சேர்த்தது.

2023 திசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையூர்கள் பல நீரில் மூழ்கின. ஆறு சட்ட ஆளாயின், வெள்ளத்தால் இழப்புற்றோர் அதன்மீது வழக்கிடலாம். எனினும் தீர்ப்பைத் தாங்க நெல்லையப்பர்க்குள்ளது போன்ற சொத்து அதற்கில்லை. அந்நிலையில் சுமை பாதுகாவலரான அரசைச் சாருமா, இழப்புற்றோரிடமே தங்குமா என்பதே வினா. இவ்வினாவைப் பிழையின்றி எழுப்புதற்கேனும் தமிழ்ச் சட்டக் கலைச்சொல்லாக்கத்தில் இவ்விரு கருத்துகளுக்கும் தனித்தனிச் சொற்கள் இன்றியமையாதன.