மரம் தாங்கும் மோட்டார் வண்டி

மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது நிலமுனை. ‘பகார்’ என்பது வேலி. இப்பெயர் தாங்கிய நம் வட்டாரத்தில், மரத்தைக் காக்கும் ஒரு கலையை அறிவோம்.

இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை தயாரான ‘மோரிஸ் மைனர் டிராவலர்’ காரின் பின்பகுதியில் ஆஷ் மரச் சட்டங்கள் உள்ளன. அவை அழகுக்கு மட்டும் அல்ல; கூரையைத் தாங்கும் எலும்புகளாகும். அவை கெட்டால் வண்டியே தளரும்.

மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால், பூஞ்சணம் பற்றி மரம் இற்றுப்போகும். மழைநீர் தேங்கும் அடிச்சட்டமும் மூட்டுகளுமே முதலில் கெடும்.

சொத்தைப் பல்லை மேலே வெளுத்துப் பயனில்லை அன்றோ? அதுபோல் இற்ற பகுதியை வண்ணத்தால் மறைத்தல் கூடாது. அதனை அறுத்தெடுத்து, நன்கு உலர்ந்த அதே மரத்தைப் பொருத்தி, இழைத்து, வெட்டுமுனைகளிலும் வார்னிஷ் பூச வேண்டும்.

சிறு பழுதை அன்றே நோக்குவோம். பழம்பொருள் நெடுங்காலம் பயன்படும்.