“பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?” - கே.கே. நகர் வீட்டில் ஒரு வாக்குவாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கே.கே. நகரில் பி.டி. ராஜன் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். எந்த வீடு என்று தேட வேண்டாம், கற்பனை வீடுதான். ஆனால் இப்படி ஒரு சண்டை நடக்கக்கூடிய வீடு அங்கே தெருவுக்கு நாலு இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் மகன் சாப்பாட்டு மேஜையில் மொபைலை வைத்து ஏதோ ஓடவிட்டிருக்கிறான். அப்பா பேப்பரை மடித்து வைக்கிறார்.

“டேய், பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சுடுச்சுப்பா. இதான் பாட்டு.”

“நாலு நிமிஷமா டிங் டிங்னுதான் கேக்குது. யாராவது வாயைத் திறப்பாங்களா, மாட்டாங்களா?”

“மாட்டாங்கப்பா.”

சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போடுகிறார். தேங்காய்ச் சட்னி அரைபட்டு முடிந்து மிக்ஸி நிற்கும் நேரத்தில், மொபைலில் கிடார்களும் டிரம்ஸும் ஒன்றாகச் சேர்ந்து அலறுகின்றன. “என்னடா அது, ஏதாவது கீழே விழுந்துடுச்சா?” என்று அம்மா எட்டிப் பார்க்கிறார்.

மகன் கேட்டுக்கொண்டிருந்தது ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை’ என்ற குழுவின் ‘த ஒன்லி மொமென்ட் வி வேர் அலோன்’. பத்து நிமிடத்துக்கும் சற்று அதிகமாக ஓடும். ஒரு வார்த்தை கிடையாது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் 1999-ல் சேர்ந்த நான்கு பேர் இவர்கள். மூன்று பேர் கிடார், ஒருவர் டிரம்ஸ். அந்த வருடம் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்து வாணவேடிக்கையைப் பார்த்து டிரம்ஸ்காரர் சொன்ன ஒரு சொல்லே குழுவுக்குப் பெயராகிவிட்டது. பாடகர் என்று யாரும் இல்லை. இவர்கள் வாசிப்பதை ‘போஸ்ட்-ராக்’ என்கிறார்கள். சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் 1994-ல் பரவலாக்கிய பெயர் அது. கிடார், பேஸ், டிரம்ஸ் என ராக் இசையின் வாத்தியங்கள்தான். ஆனால் ராக் பாட்டு போடுவதற்காக அல்ல, ஒரு சூழலை எழுப்புவதற்காக. இதுதான் அவர் சொன்னதன் சாரம். ஸ்காட்லாந்தின் ‘மோக்வாய்’, கனடாவின் ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’, ஜப்பானின் ‘மோனோ’ என்று உலகம் முழுக்க இந்த வகையில் குழுக்கள் உண்டு. நம் நாட்டில் அகமதாபாத்தில் தொடங்கிய ‘ஆஸ்வீகீப்சர்ச்சிங்’ குழு 2015-ல் ‘க்வாப்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அவர்கள் சில இடங்களில் ஹிந்தியில் பாடவும் செய்கிறார்கள். இந்தியக் காது அவ்வளவு லேசில் வார்த்தையை விட்டுவிடாது போலிருக்கிறது.

அப்பாவின் குற்றச்சாட்டுக்கு வருவோம். “எல்லாமே ஒரே மாதிரி இருக்கு. மெதுவா ஆரம்பிக்கும், ஏறும், கத்தும், அடங்கும். அவ்வளவுதானே?”

இந்தக் கேள்வியை அப்பா மட்டும் கேட்கவில்லை. இந்த இசையின் ரசிகர்களே இருபது வருடமாக இதைத்தான் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிடார் சன்னமாக ஒரு சிறு மெட்டை மீட்டும். எதிரொலியை உண்டாக்கும் பெடலைக் காலால் அழுத்த, அந்த மெட்டு தன் மேலேயே திரும்பத் திரும்ப விழும். இரண்டாவது கிடார் சேரும். மூன்றாவது வரும். டிரம்ஸ் முதலில் தட்டும், பிறகு இடிக்கும். உச்சியில் எல்லாம் ஒன்றாக உடையும். முதல் தடவை கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். பத்தாவது தடவை, “இதோ, இப்ப வெடிக்கும்” என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். வெடிக்கவும் செய்யும். இந்தக் குழுவின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பது புரியும்.

மகனிடமும் பதில் இருக்கிறது. “ஆலாபனையும் அப்படித்தானேப்பா? கீழ ஆரம்பிச்சு மேல போவாங்க. டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கா வாசிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க. அதுல எங்க வார்த்தை?”

நல்ல பிடிதான். ஆனால் முழுசாக ஒட்டவில்லை. ஆலாபனை மேலே போவது சத்தத்தில் அல்ல, ஸ்தாயியில். ஒவ்வொரு படியிலும் ராகத்தின் புதிய முகம் ஒன்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சபாவில் பின்வரிசை காபி குடிக்கக் கிளம்பிவிடும். போஸ்ட்-ராக்கில் மெட்டு பெரும்பாலும் மாறுவதில்லை. அதன் கனம் மாறுகிறது. ஒன்றில் பொருள் விரிகிறது, மற்றதில் அதே பொருள் அருகே வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கச்சேரியில் வயலின்காரர் தனியாகக் கீர்த்தனை வாசித்தாலும், தெரிந்தவர் காதுக்குள் சாகித்யம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் பந்தியில் இருப்பவர்கள் வாய்க்குள் பாடுவார்கள். நம் வாத்திய இசையில் கணிசமான பங்கு, வார்த்தையை ஒளித்துவைத்திருக்கும் இசை. டெக்ஸாஸ்காரர்களிடம் ஒளித்துவைக்கவும் ஒன்றும் இல்லை. நீளமான ஒரு தலைப்பு மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு கேட்பவர் தானே கதை கட்டிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அலுப்பு வருவது இந்த இடத்தில்தான்.

“வார்த்தை இல்லாத இசைன்னா என்னன்னு நான் காட்டுறேன்டா” என்று அப்பா எழுந்து போய் அலமாரியைத் திறக்கிறார். கேசட்டைப் போடக் கருவி இல்லை. ஆனாலும் அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். ‘ஹவ் டு நேம் இட்?’ - இளையராஜா, 1986.

அந்தக் கேசட் வந்தபோது அது எவ்வளவு விநோதமான பொருளாக இருந்தது என்பதை இன்றைய மகனுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ‘அன்னக்கிளி’ வந்து பத்து வருடம். தமிழ் வானொலியில் எந்த நேரம் திருப்பினாலும் அவர் பாட்டுதான். அப்படிப்பட்ட உச்சத்தில் இருந்தவர், படம் இல்லாமல், நடிகர் இல்லாமல், பாடலாசிரியர் இல்லாமல் ஒரு ஆல்பம் போட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பணம். தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற துண்டில், பாக் தனி வயலினுக்கு எழுதிய இசை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலேயே நம் ஊர் வயலின் குழைந்து குழைந்து பேசும். வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. இன்னொரு துண்டின் பெயரே ‘டோன்ட் கம்பேர்’. ஒப்பிடாதே! கேட்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு கேள்விக்குறி இருப்பதையும் கவனிக்க வேண்டும். இதற்கு என்ன பெயர் வைப்பது? கர்நாடக சங்கீதமா, மேற்கத்திய சாஸ்திரிய இசையா, சினிமாக்காரர் செய்ததால் சினிமா இசையா? எட்டு வருடம் கழித்து ரெனால்ட்ஸ் ஒரு பெயரைப் பிடிக்கத் தடுமாறியதும் வேறொரு ஊரின் இதே சிக்கல்தான்.

அப்பா மொபைலை வாங்கி, தேடி, ‘ஹவ் டு நேம் இட்’டைப் போடுகிறார். வயலின் எழுகிறது. வீடு அமைதியாகிறது. சட்னிக் கிண்ணத்தோடு வந்த அம்மா நின்று கேட்கிறார். பிறகு சொல்கிறார்:

“என்னங்க, இது ‘வீடு’ படத்து மியூசிக்தானே?”

அப்பாவின் முகம் மாறுகிறது. மகன் சிரிக்கிறான்.

அம்மா சொன்னது தப்பில்லை. பாலு மகேந்திரா 1988-ல் எடுத்த ‘வீடு’ படத்தின் பின்னணியில் ஒலிப்பது இந்த ஆல்பத்தின் இசைதான். அது பாட்டே இல்லாத படம். அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் நடித்தார்கள். அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாகச் சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடு. செங்கல், சிமென்ட், கடன், அலைச்சல். சதுர அடி விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்ட எந்தக் கே.கே. நகர்க்காரருக்கும் அந்தப் படம் அந்நியமாக இருக்காது. ஆக, எந்தப் படத்துக்காகவும் இல்லாமல் தனியாக நிற்க வேண்டும் என்று செய்யப்பட்ட இசை, இரண்டே வருடத்தில் ஒரு படத்துக்குள் போய்ப் பின்னணி இசையாகி, அம்மாவின் நினைவில் அப்படியே தங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், டெக்ஸாஸ் குழுவுக்கும் அதேதான் நடந்தது. மகன் கேட்ட டிராக் இருக்கும் ஆல்பம் 2003-ல் வந்தது, மொத்தமே ஐந்து டிராக். அடுத்த வருடமே ஹாலிவுட்டில் ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ படத்துக்கு இசையமைக்கக் கூப்பிட்டார்கள். டெக்ஸாஸின் ஒடெஸ்ஸா நகரத்துப் பள்ளி ஃபுட்பால் அணியின் கதை. பக்கத்து ஊரான மிட்லேண்டில் வளர்ந்தவர்கள்தான் குழுவில் மூவர். அதற்குப் பிறகு அவர்கள் இசையைக் கேட்டாலே வெளிச்சம் கொட்டும் மைதானமும் தோற்ற பையன்களின் முகமும் ஞாபகம் வரும் ரசிகர்கள் பெருகினார்கள். குழு பிரபலமானது. “படத்துக்குப் பின்னால ஓடுறதுக்குத்தான் லாயக்கு” என்ற ஏச்சும் கூடவே வந்தது.

‘பின்னணி’ என்பது கே.கே. நகர் பக்கம் சாதாரண வார்த்தை இல்லை. பக்கத்தில் வடபழனி, அங்கே ஏவி.எம்.; அதை ஒட்டிச் சாலிகிராமம், அங்கே பிரசாத் ஸ்டுடியோ. இளையராஜா 2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில் தன் சொந்த ஸ்டுடியோவுக்குப் போகும் வரை, பல பத்தாண்டுகள் வேலை செய்த இடம் அந்தப் பிரசாத். வயலின் பெட்டியோடும் தபேலா பையோடும் காலை கால்ஷீட்டுக்கு ஓடியவர்களின் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. அவர்கள் வாசித்ததைத் தமிழ்நாடே கேட்டது, அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. திரையில் முகம் பேசும், பாடகர் பெயர் கேசட்டில் வரும், வயலின்காரர் எங்கோ பின்வரிசையில். ‘ஹவ் டு நேம் இட்?’ செய்த பெரிய காரியங்களில் ஒன்று, அந்தப் பின்வரிசை வயலினை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தது. நரசிம்மன் பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்’ என்று நால்வர் குழு அமைத்து, கீர்த்தனைகளை மேற்கத்திய நால்வர் வடிவத்தில் வாசித்தார். வாத்தியக்காரர் பாட்டுக்குத் துணை மட்டும் இல்லை என்று சொல்ல, இந்த ஊரில் ஒருவர் இப்படியெல்லாம் மெனக்கெட வேண்டியிருந்தது.

அதனால்தான் மகன் பக்கமும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. நான்கு பேர், முன்னால் பாடகர் இல்லாமல், பத்து நிமிடம் மேடையில் நின்று “எங்களைக் கேளுங்கள்” என்பது சின்ன விஷயம் இல்லை. வார்த்தை இல்லாததால் கருத்து இல்லை என்றும் ஆகாது. காட்ஸ்பீட் குழுவுக்கு 2013-ல் கனடாவின் போலாரிஸ் பரிசு, 30,000 டாலர் கிடைத்தது. மக்கள் கஷ்டப்படும் நேரத்தில் இத்தனை ஆடம்பர விழா எதற்கு என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். பரிசுப் பணத்தில் கியூபெக் சிறைகளில் இருப்பவர்களுக்கு வாத்தியங்கள் வாங்கித் தருவோம் என்றும் சொன்னார்கள். பெரும்பாலும் பாட்டு வரியே இல்லாமல் வாசிப்பவர்கள்!

ஆனால் ஒரு தொல்லை, இந்த இசைக்கு எதிரி விமர்சகர் இல்லை, மொபைல்தான். சன்னத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இதன் உயிர். கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரில் சன்னமான பகுதி மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் அடியில் போய்விடும். கனமான அடிநாதம் அந்த ஸ்பீக்கரில் வரவே வராது. மிச்சம் இருப்பது அம்மா கேட்டது: கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு ஏதோ விழுந்த சத்தம். போதாததற்கு, படிக்கும்போது ஓடவிட, தூங்கும்போது ஓடவிட என்று செயலிகளே இந்த இசையைத் தொகுத்துக் கொடுக்கின்றன. அந்த மகனே அரியர் பேப்பருக்குப் படிக்கும்போதுதான் இதைப் போடுகிறான். அதை அப்பா சொல்லிக்காட்ட, “அதுவும் உண்மைதான்” என்று ஒப்புக்கொள்கிறான்.

2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. நான்கு பகுதிகள், வார்த்தை இல்லை. அன்று இந்த வீட்டிலும் எல்லோருக்கும் பெருமைதான். “முழுசா உக்காந்து கேட்டீங்களாப்பா?” என்று மகன் கேட்கிறான். அப்பா பதில் சொல்லாமல் மறுபடி பேப்பரை எடுக்கிறார்.

சரி, ஒரு ஒப்பந்தம். மகன் அறையிலிருந்து பெரிய ஹெட்போன் வருகிறது. முதலில் அப்பாவுக்கு டெக்ஸாஸ், பிறகு மகனுக்கு ‘ஹவ் டு நேம் இட்?’ முழுசாக, மொபைலைத் தொடாமல். அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்றாவது நிமிடத்தில் அவர் விரல் மேஜையில் தாளம் போடத் தொடங்குகிறது. கணக்கு எங்கோ பிசகுகிறது, மறுபடி பிடிக்கிறார்.

அம்மா சமையலறை வாசலில் நிற்கிறார். “சாம்பாருக்கு அரைக்கணும். இப்ப மிக்ஸி போடலாமா, இல்ல பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?”