கம்பி கட்டிய பற்களில் வெண்திட்டு வராமல் காப்போம்

பற்களை வரிசைப்படுத்தக் கம்பி கட்டும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை நடைபெறுகிறது. முடிவில் கம்பியைக் கழற்றும்போது பற்கள் நேராக இருந்தாலும், சிலருக்கு அவற்றின் முகப்பில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டுகள் தெரிகின்றன. பிராக்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றியும், ஈறுக்கு அருகிலும் இவை தோன்றும். கம்பிதான் பல்லைக் கெடுத்துவிட்டது எனப் பெற்றோர் வருந்துகின்றனர். உண்மையில் கெடுப்பது கம்பியன்று. அதைச் சுற்றித் தேங்கும் அழுக்குப் படிவே.

பல்லின் மேலுறையான எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அமிலம் அதைக் கரைக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லின் மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துக் கரைவதைக் காணலாம். எனாமல் வேறு வகைக் கனிமம். அது நுரைப்பதில்லை, தொடக்கத்தில் வலிப்பதுமில்லை. படிவிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறுகின்றன. உணவு வேளைகளுக்கு இடையில் உமிழ்நீர் அந்த இழப்பை ஈடுசெய்கிறது. பிராக்கெட்டின் ஓரங்களில் படிவு மூடியிருந்தால் இந்த ஈடுசெய்தல் நிகழ்வதில்லை. துலக்குதலில் கவனம் குறைந்தால், 4 வாரங்களுக்குள்ளேயே வெண்திட்டு தொடங்கிவிடக்கூடும்.

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியின் பழங்கடற்படிவுகளில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. சுறாப் பல்லின் மேலுறையில் ஃபுளோரைடு இயற்கையாகவே நிறைந்துள்ளது. ஃபுளோரைடு சேர்ந்த கனிமம் அமிலத்தில் எளிதில் கரையாது. நம் எனாமலுக்கு இவ்வலிமையைப் பற்பசையின் வழியே தரலாம். ஏறத்தாழ 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பயன்படுத்துங்கள். இந்த அளவு உறையில் அச்சிடப்பட்டிருக்கும். கரித்தூள், செங்கல்தூள், உப்பு ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றைத் தவிர்க்கவும்.

ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். காலையிலும் இரவு உறங்குமுன்னும் துலக்குதல் கட்டாயம். பிராக்கெட்டின் மேற்புறம், கீழ்ப்புறம், ஈறோரம் என மூன்று இடங்களிலும் மென்மையான பிரஷ்ஷைச் சாய்த்துத் துலக்குங்கள். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ்ஷும் தேவை. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். உடனே நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவப்பட்டுவிடும். தேவைப்படுவோருக்கு ஃபுளோரைடு வாய்க்கழுவியையோ, பல்லின் மீது பூசும் வார்னிஷையோ மருத்துவர் பரிந்துரைப்பார்.

கடலைமிட்டாய், எள்ளுருண்டை போன்றவை பிராக்கெட்டில் ஒட்டிக்கொள்ளும். கரும்பு, முறுக்கு, கதிரோடு கடிக்கும் மக்காச்சோளம் ஆகியவை பிராக்கெட்டையே பெயர்த்துவிடும். சோளத்தை உதிர்த்தும், கொய்யாவைச் சிறு துண்டுகளாக நறுக்கியும் உண்ணலாம். சர்க்கரை கலந்த தேநீரையும் குளிர்பானத்தையும் நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருகுவது, ஒரே வேளையில் குடிப்பதைவிடக் கேடானது.

பேருந்துத் தொலைவு, தேர்வு, அறுவடை எனக் காரணங்கள் பல இருப்பினும், மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். பிராக்கெட் பெயர்ந்தாலும், பல்லைச் சுற்றிய வளையம் தளர்ந்தாலும், முறை நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள். தளர்ந்த வளையத்தின் உட்புறத்தில் அமிலம் தேங்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே வெண்மையோ பழுப்போ படர்ந்திருக்கலாம். முதல் நாளிலேயே பற்களைப் படமெடுத்து வைத்தால், பின்னர் வரும் மாற்றத்தைப் பிரித்தறியலாம்.

வெண்திட்டு தோன்றிவிட்டால் அஞ்ச வேண்டாம். பள்ளம் விழாத நிலையில், நல்ல துலக்குதலும் ஃபுளோரைடும் அதன் வளர்ச்சியைத் தடுக்கும். கம்பி கழற்றிய பின் சில மாதங்களில் அது மங்கவும் கூடும். எனினும் முழுவதும் மறையும் என உறுதி கூற இயலாது. ஆகவே, வாரம் ஒருமுறை பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, ஈறோரத்தில் படிவு உள்ளதா எனப் பெற்றோரே பாருங்கள். வலிக்காத இந்தப் பாதிப்பை முதலில் காணக்கூடியவை உங்கள் கண்களே.